கூடி ஆடும் செல்வம்

பொருள்களைத் திரட்டி வைத்தல் மக்களுக்கு இயல்பான விருப்பம். சிலர் அஞ்சல் தலைகளைச் சேர்ப்பர். சிலர் பழங்காசுகளைச் சேர்ப்பர். சிலர் நூல்களைச் சேர்ப்பர். இவற்றைத் தனித்திருந்து நோக்கினும் இன்பம் உண்டு. பலகை ஆட்டங்களின் தொகுப்போ அத்தகையதன்று. பல்லாங்குழிப் பலகையை எத்துணை அழகாகச் செதுக்கியிருப்பினும், எதிரே அமர்ந்து ஆட ஒருவர் இல்லையேல் அது வெறும் மரக்கட்டையே. ஆதலின், ஆட்டப் பொருள்களைச் சேர்க்க முற்படுவோர் அவற்றோடு ஆடுவோரையும் சேர்த்தல் வேண்டும்.

இவ்வுண்மையைச் சங்கப் புலவர் ஒருவர் நெஞ்சில் தைக்குமாறு காட்டியுள்ளார். புறநானூற்றின் 52-ஆம் பாட்டு, பாண்டியன் கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதியை மருதன் இளநாகனார் பாடியது. அதில் போரால் பாழ்பட்ட நாடு ஒன்று காட்டப்படுகிறது. அந்நாட்டில், ஊர்ப் பொதுவிடத்தில் நரைத்த முதியோர் கூடிக் காய்களை வைத்து ஆடிவந்தனர். காய்களை வைத்து வைத்து அவ்விடமே குழிந்துபோயிற்று. பின்னர் மக்கள் ஊரை விட்டு அகன்றனர். முதியோரின் கை படாத அக்குழிகளில் காட்டுக்கோழி முட்டையிட்டது. ஓர் ஊரின் அழிவை உணர்த்த, ஆளற்ற ஆட்டக்களம் ஒன்றே போதும் எனப் புலவர் கருதினார் போலும்!

சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் 2015-ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வுகளில், யானைத் தந்தத்தாற் செய்த பகடையும் சுடுமண் ஆட்டக்காய்களும் கிடைத்துள்ளன. பொருள்கள் மண்ணுக்குள் பிழைத்துக் கிடந்தன. ஆயின், அவற்றைக் கொண்டு எவ்வாறு ஆடினர் என்பதை அப்பகடை எடுத்துச் சொல்லாது. காய் கல்லாலும் மண்ணாலும் ஆனது, நெடுங்காலம் நிற்கும். ஆட்டமுறையோ மக்களின் நினைவில் வாழ்வது. சொல்லிக் கொடுப்பார் இல்லையேல் மறைந்துவிடும்.

பெரம்பலூருக்குத் தெற்கே, திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்தது சிறுவாச்சூர். மதுரகாளியம்மன் கோயிலால் புகழ்பெற்ற ஊர் அது. திங்கட்கிழமைகளிலும் வெள்ளிக்கிழமைகளிலும் மக்கள் அங்குத் திரளாக வருவர். அம்மனைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பத்தார் தொலைவிலுள்ள ஊர்களிலிருந்தும் வந்து கூடுவர். பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் மாவட்டம் அது. அறுவடைக்குப் பின் கிடைக்கும் ஓய்வுப் பொழுதும், உறவினர் வந்து தங்கும் விழா நாளும் ஆட்டத்திற்கு ஏற்றவை. இத்தகைய ஊரில் மாணவன் ஒருவன் ஆட்டத் தொகுப்பைத் தொடங்க விரும்பினால், கடையை நாடி ஓட வேண்டுவதில்லை. வீட்டுப் பரணையும் பாட்டியின் நினைவையும் துழாவுதலே முதற்படி.

முதலில் ஆடு புலி ஆட்டத்தைக் கொள்ளலாம். இதற்குக் காசே வேண்டா. திண்ணையில் சுண்ணக்கட்டியால் முக்கோணக் கோலம் ஒன்றை வரைந்தால் களம் ஆயிற்று. அதில் 23 சந்திகள் இருக்கும். ஒருவர்க்குப் புலிகள் 3. மற்றவர்க்கு ஆடுகள் 15. புலிக்குப் பெரிய கற்கள், ஆட்டுக்குச் சிறிய கற்கள் போதும். அடுத்துள்ள இடம் வெறுமையாக இருப்பின், புலி ஆட்டைத் தாண்டிக் கொல்லும். ஆட்டுக்குத் தாண்டும் உரிமை இல்லை. எனினும், ஆடுகள் ஒன்றையொன்று விட்டு அகலாமல் நின்றால், புலிகள் அசைய வழியின்றி அடைபட்டுப்போகும். எளியோர் ஒன்றுபட்டு வலியோரை வெல்லும் வழியைப் பதினைந்து கூழாங்கற்கள் கற்பித்துவிடுகின்றன.

அடுத்தது பல்லாங்குழி. வரிசைக்கு 7 ஆக, இரு வரிசையில் 14 குழிகள். புளியங்கொட்டையோ சோழியோ குன்றிமணியோ காயாகும். ஒரு குழியில் உள்ள காய்களை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுச் செல்லுதல் ஆட்டத்தின் அடிப்படை. குழியொன்றில் 4 காய்கள் சேர்ந்தால் அதற்குப் ‘பசு’ என்று பெயர். அக்குழிக்கு உரியவர் அதனை எடுத்துக்கொள்வார். எண்ணாமல் ஆடுவோர் இதில் எளிதில் தோற்பர். முற்காலத்தில் மண் தரையிலேயே குழி தோண்டி ஆடியோரும் உண்டு. சிமெண்டுத் தரை வந்தபின் குழி தோண்ட இடமில்லை. ஆயினும், முட்டை அடுக்கும் அட்டையைக் கத்தரித்தால் 14 குழிகள் கிடைத்துவிடும்.

மூன்றாவது தாயம். நீண்ட பித்தளைத் தாயக்கட்டைகள் இரண்டை உருட்டி, கட்டங்களில் காய்களை நகர்த்துவர். கட்டை இல்லாதவர் புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தை வெள்ளை தெரியுமாறு தேய்த்து வைத்துக்கொள்வர். தாயம் விழுந்தாலன்றிக் காய் களத்தில் இறங்காது. குறுக்குக்கோடு இட்ட கட்டம் ‘மலை’. அங்கு நிற்கும் காயை எவரும் வெட்ட இயலாது. சுற்றி முடித்து நடுக்கட்டத்தை அடைந்த காய் ‘பழம்’ ஆகும்.

இங்கேதான் தொகுப்பாளனுக்கு உண்மையான வேலை தொடங்குகிறது. எதிரியின் காய் ஒன்றையேனும் வெட்டாதவர் பழம் எடுத்தல் கூடாது என்பர் சிலர். அவ்வாறு விதி இல்லை என்பர் வேறு சிலர். பல்லாங்குழியில் குழிக்கு 5 காய் இடுவோரும் உண்டு. 6 காய் இடுவோரும் உண்டு. இவற்றுள் எது சரி என்று வழக்காடுதல் வேண்டா. எல்லாம் சரியே, ஒவ்வொன்றும் ஓர் ஊரின் மரபு. குலதெய்வ வழிபாட்டிற்கு வரும் அத்தையோ பெரியப்பாவோ தம் ஊர் முறையைச் சொல்லக் கேட்டு, நாளும் ஊரும் குறித்து ஏட்டில் எழுதிவைக்கலாம். அவ்வேடே தொகுப்பின் மிக உயர்ந்த பொருள். தொலைந்த காய்க்கு மாற்றுக் காய் கிடைக்கும்; எழுதாமல் மறைந்த விதிக்கு மாற்று ஏது?

விதியை எழுதிவைத்து உலகெங்கும் ஒன்றாக்கியதன் பயனைச் சதுரங்கத்தில் காணலாம். 1924-ஆம் ஆண்டு பாரிசில் அனைத்துலகச் சதுரங்கக் கூட்டமைப்புத் தோன்றியது. 2022-ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் 44-ஆம் சதுரங்க ஒலிம்பியாடு நடைபெற்றபோது, ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாத பல நாட்டினர் எதிரெதிரே அமர்ந்து ஆடினர். விதி பொதுவாக இருந்ததால் மொழி தடையாகவில்லை.

கடையில் விற்கும் ஆட்டங்களையும் தொகுப்பில் சேர்க்கலாம். அவற்றுள் சில, வெளிநாடு சென்று திரும்பிய நம் நாட்டுச் செல்வங்களே. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடும் பரமபதம் போன்ற இந்திய ஆட்டம், 1892-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பாம்பும் ஏணியுமாக விற்பனைக்கு வந்தது. பச்சீசி என்னும் வடநாட்டு ஆட்டம் 1896-இல் அங்கு ‘லூடோ’ என்னும் பெயர் பெற்றது. அப்பச்சீசியின் கட்டம் பதேப்பூர் சிக்ரியில் அக்பர் அரண்மனை முற்றத்துக் கல்தளத்தில் இன்றும் காணப்படுகிறது. பல்லாங்குழியின் உறவான ஆட்டங்களோ ஆப்பிரிக்காவில் கானா முதல் இலங்கை, மலேசியா வரை ஆடப்படுகின்றன.

ஓர் எச்சரிக்கையும் இன்றியமையாதது. ஆட்டம் வேறு, சூது வேறு. திருவள்ளுவர் சூதின் தீமையை உணர்த்த 94-ஆம் அதிகாரத்தை முழுமையாக ஒதுக்கினார். பணயம் நுழைந்த இடத்தில் நட்பு வெளியேறும். காயை இழந்தவன் சிரித்துக்கொண்டே மீண்டும் அமர்வான். காசை இழந்தவன் பகையோடு எழுவான். ஆதலின், பணயம் இல்லை என்பதே எல்லா ஆட்டங்களுக்கும் முதல் விதியாகுக.

இவ்வாறு தொகுத்தவற்றை அலமாரியில் பூட்டிவைத்தல் தகாது. வாரத்தில் ஒரு மாலையேனும் கைப்பேசிகளை ஒருபுறம் வைத்துவிட்டு, வீட்டார் அனைவரும் களத்தைச் சூழ்ந்து அமர்தல் வேண்டும். வயலிலிருந்து திரும்பிய தந்தையும் பாடம் முடித்த தங்கையும் ஒரே களத்தில் சமமாவர். கண்பார்வை மங்கிய பாட்டியும் பல்லாங்குழியில் விரலாலேயே காய்களை எண்ணிப் பேரனைத் தோற்கடிப்பார். ‘இனி நமக்கு என்ன தெரியும்’ என்று ஒதுங்கியிருந்த முதியோர், அன்று ஆசிரியராக உயர்வர். எதிர் வீட்டுத் தோழனை அழைத்தால், ஆட்டத்தோடு அவன் வீட்டு முறையும் வந்து சேரும்.

சென்னையில் கிரீடா என்னும் நிறுவனம் மரபு ஆட்டங்களை மீண்டும் வழக்கிற்குக் கொணர்ந்து வருகிறது. மைசூரில் ராம்சன்ஸ் கலா பிரதிஷ்டானம் பழைய ஆட்டப் பலகைகளைக் கண்காட்சிகளில் வைத்து மக்களுக்குக் காட்டியுள்ளது. அவர்தம் பணி பாராட்டற்குரியது. ஆயினும், ஒரு குடும்பத்துப் பாட்டியின் முறையை அக்குடும்பத்துப் பேரப்பிள்ளையே கேட்டு எழுத இயலும். அதற்கு வேண்டுவன ஓர் ஏடும், கைப்பிடிப் புளியங்கொட்டையும், கேட்கும் ஆர்வமுமே. கேட்கத் தகுந்த காலம், சொல்வோர் உடனிருக்கும் இக்காலமே.