21 லட்சத்துக்கு ஒரு சொகுசு எஸ்.யூ.வி வாங்கின கதை

கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுக்கிட்டு வாங்க.

போன வாரம் ஒரு ஜூனியர் டாக்டர் தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். கறுப்பு கலர் ஜெர்மன் டீசல் எஸ்.யூ.வி, பத்து வருஷம் ஓடினது. "அண்ணா, 18 லட்சம் சொல்றாங்க. புது வண்டி 80 லட்சத்துக்கு மேல. எடுத்துரலாமா?"

பி.ஜி முடிச்சு முதல்தடவையா கையில் நாலு காசு பார்க்கிற வயசு. ஆசை தப்பே இல்லை. நானும் அதே வயசில் அதைத்தான் செஞ்சேன்.

நான் மயக்கவியல் டாக்டர், ஊர் கோபி. சின்ன ஊரில் மயக்க டாக்டர்னா ஒரே ஆஸ்பத்திரியில் உட்கார முடியாது. நாலஞ்சு நர்சிங் ஹோமுக்கு ராத்திரி பகல்னு ஓடணும். "நல்ல வண்டி வேணும்ல"ன்னு எனக்கு நானே நியாயம் சொல்லிக்கிட்டு, 2019-ல் கோயம்புத்தூரில் ஒரு 2013 மாடல் வண்டியை 21 லட்சத்துக்கு எடுத்தேன். என்ன பிராண்டுன்னு கமெண்டில் கேட்காதீங்க, சொல்ல மாட்டேன். இந்த ரகத்தில் பெரும்பாலான வண்டிக்கும் கதை ஒண்ணுதான்.

அப்போ எனக்குப் புரியாத ஒரு விஷயம் இருந்துச்சு. வண்டியோட விலைதான் 70 லட்சத்திலிருந்து 21 லட்சத்துக்கு இறங்கும். அதோட ஸ்பேர் பார்ட்ஸ் விலை இறங்காது. 21 லட்சம் குடுத்தாலும், நீங்க பராமரிக்கப் போறது 70 லட்ச ரூபாய் வண்டியை.

முதல் மாசமே நாலு டயர் மாத்தினேன், 1,08,000. பிரேக் பேடு, டிஸ்க் சேர்த்து முதல் சர்வீஸ் 1,10,000. இதெல்லாம் ரிப்பேரே இல்லைங்க, தேய்மானம்.

அடுத்து டி.பி.எஃப். டீசல் புகையில் வர்ற கரியைப் பிடிச்சு வைக்கிற ஃபில்டர். பிடிச்ச கரியை அது தானே எரிச்சுக்கணும். அதுக்கு சுமார் 600 டிகிரி சூடு வேணும், கொஞ்ச நேரம் நிக்காம ஓடணும். என் ஓட்டம் எப்படி? வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி 3 கி.மீ, அங்கிருந்து இன்னொண்ணு 2 கி.மீ. எரிக்க ஆரம்பிக்கும், நான் வண்டியை ஆஃப் பண்ணிடுவேன். கரி அடைச்சுது. எரிக்கிறதுக்காகக் கூடுதலா அடிச்ச டீசல் என்ஜின் ஆயிலில் கலந்து, ஆயில் அளவு குறையறதுக்குப் பதிலா ஏற ஆரம்பிச்சுது. ஈ.ஜி.ஆர் க்ளீனிங்கும் சேர்த்து 85,000. இதில் வண்டியைக் குத்தம் சொல்ல முடியாது. நெடுஞ்சாலையில் ஓட வேண்டியதை நான் பால்காரர் வண்டி மாதிரி ஓட்டினேன்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். ஏர் சஸ்பென்ஷன்.

சாதா வண்டியில் ஸ்பிரிங் இருக்கிற இடத்தில் இதில் ரப்பர் பை இருக்கும். கம்ப்ரெஷர் அதில் காத்தை அடைச்சு வண்டியைத் தூக்கி நிறுத்தும். மெத்தையில் போற மாதிரி இருக்கும், பொய் சொல்லக்கூடாது. ஆனா ரப்பருக்கு வயசாகும், நம்ம வெயிலில் வெடிப்பு விடும். வாங்கி ஒரு வருஷம் கழிச்சு, காலையில் பார்த்தா முன்பக்க இடது மூலை மட்டும் இரண்டு விரல் இறங்கி நிக்கும். ஸ்டார்ட் பண்ணினா ஏறிடும். சரியாயிடுச்சுன்னு நானும் கிளம்பிடுவேன்.

கோயம்புத்தூர் மெக்கானிக் அண்ணன் சோப்புத் தண்ணி அடிச்சுக் காட்டினார். நுரை கொப்புளிச்சுது. "டாக்டருங்க, பை லீக்கு. இப்பவே மாத்திப் போடோணும். இல்லீன்னா கம்ப்ரெஷர் ஓடி ஓடியே செத்துருமுங்க."

வால்வில் லீக் இருக்கிற இதயத்துக்கும் இதே கதைதான். ஈடுகட்ட இதயம் கூடுதலா உழைக்கும், வீங்கும். நோயாளிக்கு வருஷக்கணக்கில் ஒண்ணும் தெரியாது. ஒருநாள் உட்கார்ந்துடும். இதைப் படிச்சுப் பாஸான நான் அந்த மனுஷன்கிட்ட சொன்னது: "தீபாவளி முடியட்டும்ண்ணா, பாத்துக்கலாம்."

தீபாவளி முடிஞ்சு பொங்கலும் வரப் போச்சு. மார்கழி ராத்திரி, மணி ரெண்டேகால். நர்சிங் ஹோமிலிருந்து போன். பிரசவ வலியில் இருந்த அம்மாவுக்குக் குழந்தையோட இதயத் துடிப்பு இறங்குது, உடனே சிசேரியன். ஓடிவந்து பார்த்தா வண்டியோட முன்பக்கம் டயர் மேல படுத்துக் கிடக்கு. ஸ்டார்ட் பண்ணினேன். கம்ப்ரெஷர் சத்தமே இல்லை. டேஷ்போர்டில் சிவப்பு எழுத்தில் வண்டியை ஓட்டாதேன்னு வருது. நான் உள்ள உட்கார்ந்து இரண்டு மூணு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்தேன். அந்த நிமிஷங்களை நினைச்சா இன்னமும் வயித்தைப் பிசையும்.

கடைசியில் என் மனைவியோட ஸ்கூட்டியில்தான் போனேன். 6 கி.மீ பனியில். முதுகில் ஊசி போட்டு, குழந்தையை எடுத்து, அது அழுத பிறகுதான் எனக்கு மூச்சு வந்துச்சு. சர்ஜன் மேடம் ஒண்ணும் கேட்கலை. கடிகாரத்தை மட்டும் ஒரு தடவை பார்த்தாங்க.

அன்னிக்கு மாத்தியிருந்தா ஒரு பைக்கு 48,000. தள்ளிப் போட்டதால இரண்டு பை, கம்ப்ரெஷர், ரிலே, கோபியிலிருந்து கோயம்புத்தூருக்கு ஃப்ளாட்பெட் லாரி எல்லாம் சேர்த்து 1,72,000. அதுவும் கம்பெனி ஒரிஜினல் இல்லை, வெளி மார்க்கெட் பார்ட்ஸ்.

கையில் பணம் இல்லாம நான் தள்ளிப் போடலை. இவ்வளவு குடுத்து வாங்கினது நோயாளின்னு ஒத்துக்க மனசு வரலை, அவ்வளவுதான். சுகர் 300 இருக்கிறவர் "எனக்கு ஒண்ணும் பண்ணலையே டாக்டர்"னு சொல்லும்போது இப்பெல்லாம் நான் கத்தறதில்லை.

மிச்சத்தை வேகமாச் சொல்லிடறேன். கியர்பாக்ஸ் ஆயில் ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்னு பல கார் கம்பெனிகள் சொல்லும். ஆனா கியர்பாக்ஸ் செய்யற இசட்.எஃப் நிறுவனமே 80,000-லிருந்து 1,20,000 கி.மீக்குள்ள மாத்தச் சொல்லுது. அதுக்கு 58,000. பேட்டரி 32,000, அதையும் கம்ப்யூட்டரில் பதிவு பண்ணணும். வெடிச்ச கூலன்ட் பிளாஸ்டிக் பைப், மத்த சர்வீஸ் எல்லாம் சேர்த்து 2,15,000. இன்சூரன்ஸ் இதில் எதுக்கும் வராது, அது விபத்துக்கும் திருட்டுக்கும்தான்.

மூணரை வருஷம் கழிச்சு 10.5 லட்சத்துக்கு வித்தேன். விலையில் போனது 10.5, செலவு 7.8, ஆக 18.3 லட்சம். ஓட்டினது 31,000 கி.மீ. டீசல் போடாமலே கிலோமீட்டருக்கு 59 ரூபாய்.

தம்பிக்கு நான் "வாங்காதே"ன்னு எழுதலை. அதே மாடலில் சாதா ஸ்பிரிங் போட்ட வண்டி கிடைக்குதான்னு பாருன்னேன். விக்கிறவர் வீட்டுக்கு விடியக்காலையில், அவர் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி போய், நாலு மூலையும் சமமா நிக்குதான்னு பாரு. சம்பந்தமில்லாத மெக்கானிக்கை வெச்சு எல்லா மாட்யூலையும் ஸ்கேன் பண்ணு. மீட்டரைத் திருத்தினவங்க பல வண்டியில் கியர்பாக்ஸ் மாட்யூலில் இருக்கிற கிலோமீட்டரைத் திருத்த மறந்துடுவாங்க. வண்டி விலையில் மூணில் ஒரு பங்கைத் தனியா பேங்கில் போட்டுட்டு அப்புறம் வாங்கு. ராத்திரி கூப்பிட்டா ஓட, வீட்டில் இன்னொரு சாதா வண்டி நிக்கட்டும்.

என் வண்டியை வாங்க வந்த பையன்கிட்ட பில் ஃபைல் மொத்தத்தையும் குடுத்தேன். அந்த ராத்திரி கதையையும் சொன்னேன். அவர் பாதி கேட்டுட்டு, எலுமிச்சம்பழம் எங்க கிடைக்கும்னு கேட்டார்.

தம்பிகிட்ட ஸ்கேன் ரிப்போர்ட் கேட்டிருக்கேன். ப்ளூ டிக் விழுந்துடுச்சு, பதில் இன்னும் வரலை.