பெருக்கமரத்தடிக் குதிரைகள்

ஜெய்சங்கர் குதிரையில் வந்தார். எங்களுக்குக் கிடைத்தது கழுதை.

மன்னார்த் தீவில் கழுதைக்கு எந்தக் காலத்திலும் பஞ்சமில்லை. முதுகில் உரச்சாக்கை மடித்துப் போட்டு ஏறுவோம். கருக்குச் சீவிய பனைமட்டை துப்பாக்கி, பனையோலைப் பெட்டி இழைக்கிற ஆச்சி முடைந்து தந்தது தொப்பி. ஜெய்சங்கர் நடித்த 'கங்கா' தமிழகத்தில் 1972இல் வந்த படம். எங்களிடம் வந்து சேரப் பிந்திவிட்டது. றீல் பெட்டி கோச்சி ரயிலில் வந்து இறங்கியதென்று யாரோ சொன்ன அன்றிலிருந்தே எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

பாட்டுப் பாடும் கௌபோய் அமெரிக்காவில் பிறந்தவன். 1935இல் தொடங்கிய ரிபப்ளிக் பிக்சர்ஸ், ஜீன் ஆட்ரியைக் குதிரையில் ஏற்றிக் கையில் கிட்டாரையும் கொடுத்து, ஒரு மணிநேரப் படங்களாகச் சிக்கனச் செலவில் எடுத்துக்கொண்டே இருந்தது. 1938இல் ராய் ரோஜர்சும் அதில் கதாநாயகனானார். இதெல்லாம் பின்னாளில் படித்தறிந்தது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்த கௌபோய் தமிழ்தான் பேசினான். 'கங்கா'வின் இயக்குநர் கர்ணன் ஒளிப்பதிவாளராக இருந்து வந்தவர். வெட்டை வெளியையும் குளம்படிப் புழுதியையும் அவர் கமெரா பார்த்த விதத்தில், அது எங்கள் தீவு என்றே நம்பினேன். மணல், முள்ளு, வெயில், தூரத்தில் ஒற்றைப் பனை. எதை நாங்கள் இரவல் வாங்க வேண்டியிருந்தது?

வில்லன் எப்போதும் என் கூட்டாளிதான். எருக்கலம்பிட்டிப் பிள்ளை, படிப்புக்காக டவுனில் சாச்சி வீட்டில் நின்றவன். பள்ளிமுனைப் பெருக்கமரத்தின் சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். அதற்குப் பின்னால் ஒளிந்தால் ஆளே தெரியாது. ஆனால் சண்டை நடுவில் அவனுக்குப் பாட்டு வந்துவிடும். "மச்சான், சுடாத, பாட்டு முடியட்டும்" என்பான். நானும் பனைமட்டையைத் தாழ்த்திக்கொண்டு நிற்பேன். நல்ல குரல் அவனுக்கு.

1990இல் கோச்சி நின்றது. அதே ஆண்டு ஒக்டோபரில் புலிகள் தீவின் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அவனும் பெண்சாதி பிள்ளைகளோடு வள்ளத்தில் கற்பிட்டிக்குப் போனான். கரையில் நின்று வழியனுப்பக்கூட நான் போகவில்லை. பயம். அதை இன்றுவரை அவனிடம் சொன்னதில்லை.

2015இல் தலைமன்னாருக்கு மறுபடி கோச்சி வந்தது. போன வருடம் அவன் புத்தளத்திலிருந்து பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தான். மூவரும் பெருக்கமரத்தடிக்குப் போனோம். வேலியோரம் இரண்டு கழுதைகள் நின்றன. பேரன் படம் எடுத்தான். கூட்டாளி மரத்தைச் சுற்றிப் பின்னால் போய் நின்றான். கொஞ்ச நேரத்தில் அந்தப் பாட்டு கேட்டது.

மெட்டு முழுவதும் வந்தது. வரிகள் எங்கள் இருவருக்கும் வரவில்லை.