தட்டுக்கும் தொட்டிலுக்கும் நடுவே

முக்கூடலுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். ஒரே முற்றத்தைப் பார்த்தபடி நிற்கும் ஆறு வீடுகள் கொண்ட வளவு. முற்றத்தில் ஒரு வேம்பு, ஒரு குழாய், ஒரு துவைகல். கடைசி வீட்டுத் திண்ணை என்னுடையது. கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். திண்ணையில் உட்கார்ந்தால் எதிர்வீட்டு வாசல் முழுதாகத் தெரியும். அந்த வாசலில் பீடி சுற்றும் ஒரு தாயும், ஒன்றே முக்கால் வயதான அவள் மகளும் ஒரு பகலைக் கடத்துவதைத்தான் எழுதுகிறேன்.

விடியுமுன் அவள் எழுந்துவிடுகிறாள். முந்தின இரவு நனைத்து, ஈரச் சாக்கில் சுற்றி வைத்த இலையை எடுத்துக்கொண்டு விளக்கடியில் உட்காருகிறாள். அளவுத் தகட்டை இலைமேல் வைத்துக் கத்தரியால் வெட்டுகிறாள். பாப்பா எழுவதற்குள் இலைவெட்டு முடிந்தாகவேண்டும், ஏனென்றால் கத்தரி பாப்பாவின் கண்ணில் படக்கூடாத பொருள். வெட்டிய இலை ஓர் அடுக்காகச் சேர்ந்த நேரத்தில் உள்ளேயிருந்து “ம்மா” என்று ஒரு குரல் வருகிறது. கத்தரி கதவுக்கு மேலுள்ள ஆணிக்கு ஏறுகிறது. தூள் டப்பா பரணுக்குப் போகிறது. அவள் குழாயடிக்கு ஓடி, சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுகிறாள். அதற்குள் குரல் அழுகையாகிவிட்டது.

“வந்துட்டேன், வந்துட்டேன். கையக் கழுவிட்டு வாரேம்மா.”

இந்த வாக்கியம் இந்த முற்றத்தில் பகல் முழுக்கக் கேட்கும். புகையிலைத் தூளிலிருக்கும் நிக்கோட்டின் தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்கக்கூடியது. ஒரு சிறு குழந்தை ஒரு சிட்டிகைத் தூளை வாயில் போட்டாலே வாந்தியும் மயக்கமும் வரலாம். அவளுக்கு அது தெரியும். அதனால் பாப்பா கூப்பிடும் ஒவ்வொரு முறையும் பீடித் தட்டை உயரத்தில் வைக்கிறாள், கையைக் கழுவுகிறாள், பிறகே தூக்குகிறாள். தூக்கி இறக்கிவிட்டுத் திரும்ப உட்கார்ந்து நூலை எடுக்கும்போது விட்ட இடம் கைக்கு மறந்திருக்கிறது. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று. கழுவுகிற நேரத்துக்குக் கூலி கிடையாது.

காலைச் சாப்பாடு. இட்லியைப் பிட்டுச் சீனி தொட்டு நீட்டுகிறாள். பாப்பா வாயை இறுக மூடிக்கொண்டு வேப்பமரத்தைப் பார்க்கிறாள். “காக்கா பாரு, காக்காவுக்கு ஒரு வாயி, பாப்பாவுக்கு ஒரு வாயி.” காக்காவுக்கு எறிந்த துண்டு போகிறது. பாப்பாவுக்கு நீட்டியது அப்படியே நிற்கிறது. கொஞ்சம் விட்டு, அவளாகவே தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து, பாதியைத் தின்று, மீதியைத் துவைகல்லில் தேய்க்கிறாள்.

“பிள்ள என்னா மெலிஞ்சு போச்சு. ஒழுங்கா ஊட்டுதியா இல்லியா?” என்று உள்ளேயிருந்து மாமியார் குரல். குழாயடியில் குடத்தோடு நின்ற பக்கத்து வீட்டுக்காரி, “எம்பிள்ள இந்த வயசுல நாலு இட்லி தின்னுவான்லா” என்கிறாள். தாய் பதில் சொல்லவில்லை. சட்டைக் கழுத்துக்கு மேலே தெரியும் குழந்தையின் எலும்பை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள்.

இந்த வயதின் கணக்கு வேறு. பிறந்தபோது இருந்த எடை ஐந்து மாதத்தில் இரண்டு மடங்காகும், ஒரு வயதில் மூன்று மடங்காகும். இரண்டாவது வயதில் ஒரு வருடம் முழுவதற்கும் சேர்த்து இரண்டு, இரண்டரைக் கிலோ ஏறினால் போதும். வளரும் வேகம் குறைகிறது, அதோடு பசியும் குறைகிறது. ஒருநாள் கொத்திக் கொத்தித் தின்கிற குழந்தை மறுநாள் தானே கேட்டு வாங்கும். ஓடியாடுகிற குழந்தையின் எடைக்கோடு வளர்ச்சி அட்டையில் பச்சைப் பட்டைக்குள் ஏறிக்கொண்டிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. இவள் மகளின் கோடு பச்சைக்குள்தான் இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு காலையும் ஒரு தட்டு இட்லியை முன்னால் வைத்துக்கொண்டு அவள் மற்றவர்களின் தீர்ப்புக்குக் காத்திருக்கிறாள்.

வெயில் முற்றத்துக்கு வந்தபின் நல்ல நேரம் ஒன்று வருகிறது. தாய் நிலைப்படிக்கு உள்ளே தட்டை மடியில் வைத்துச் சுற்றுகிறாள். நிலைப்படிக்குக் குறுக்கே ஒரு பலகை. பலகைக்கு இந்தப் பக்கம் பாப்பா. அவளுக்கும் ஒரு தட்டு இருக்கிறது, சம்படத்தின் பழைய மூடி. அதில் வேப்பிலை, கிழிந்த துணியிலிருந்து உருவிய நூல். அம்மாவைப் பார்க்கிறாள், இலையை எடுக்கிறாள், உள்ளங்கையில் உருட்டுகிறாள். உருட்டியது கீழே விழுகிறது. திரும்ப எடுக்கிறாள். நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவ்வளவு சிரத்தையாகச் செய்கிறாள். ஒன்றரை வயதுக்கு மேல் குழந்தைகள் பெரியவர்களின் வேலையை எடுத்துச் செய்து பார்க்கத் தொடங்குவார்கள். சுருட்டிய ஓர் இலையைப் பலகைக்கு மேலாக நீட்டி “ம்மா, இந்தா” என்கிறாள். இரண்டு சொல் சேர்ந்துவிட்டது. தாய் அதை வாங்கித் தன் மடியோரம் வைத்துக்கொண்டு, “எங்கம்மா எனக்குச் சுத்தித் தந்துட்டா” என்று சொல்லிச் சிரிக்கிறாள். அவள் விரல் நிற்கவில்லை. அந்தக் காலை முழுவதிலும் அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். கூடவே, மகளின் விரல் பழகிக்கொண்டிருக்கும் வேலை எது என்று பார்த்த ஒரு கணம் அவள் முகம் மாறியதையும் நான் கண்டேன்.

பதினொரு மணிக்கு மேல் அந்த நேரம் உடைந்தது. சம்பட மூடி சலித்துவிட்டது. பாப்பாவுக்கு நிஜத் தட்டு வேண்டும். பலகைமேல் வயிற்றைப் போட்டுத் தொங்கினாள். “ஏட்டி, தொடாத.” தொட்டாள். தாய் கையை மெல்ல விலக்கினாள். “நானு, நானு” என்று அலறல். நூல்கண்டு பாப்பாவின் கையில் சிக்கியது. தாய் அதை வாங்கப் போனாள், பாப்பா இழுத்தாள். தட்டு சரிந்தது. காலையிலிருந்து சுற்றியதும், வெட்டிய இலையும், தூளும் தரையெங்கும் கொட்டின. தூள்மேல் குழந்தையின் இரண்டு கைகளும்.

அடி விழுந்தது. தொடையில் ஒன்று. சத்தம் திண்ணை வரை கேட்டது. ஒரு கணம் இருவரும் அசையவில்லை. பிறகு பாப்பா முற்றத்து மண்ணில் மல்லாந்து விழுந்து, காலை உதைத்து, முகம் சிவக்க, மூச்சு அடைக்க அழுதாள். தாய் தட்டை அப்படியே விட்டாள். குழந்தையை அள்ளிக் குழாயடிக்குக் கொண்டுபோய் முதலில் அதன் கைகளைத் தேய்த்துக் கழுவினாள், வாய்க்குள் விரலைவிட்டுப் பார்த்தாள், பிறகு இறக்கிவிட்டுத் தன் கையைக் கழுவினாள். கழுவிக்கொண்டே அழுதாள். முழங்கை வரை நுரை. அந்த நேரம் முழுவதும் பாப்பா எங்கும் போகவில்லை. தன்னை அடித்தவளின் சேலையைப் பிடித்துக்கொண்டு, முழங்காலில் முகத்தை வைத்துத் தேம்பியபடி, கழுவி முடிப்பதற்காகக் காத்து நின்றாள். கை காய்ந்ததும் இரண்டு கையையும் மேலே தூக்கினாள்.

“அம்மா அடிச்சிருக்கப்பிடாது. வலிக்காம்மா?” என்று கேட்டுத் தொடையைத் தடவிவிட்டாள் தாய். பாப்பா அவள் கன்னத்து ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்து, “தண்ணி” என்றாள்.

அடித்தது தவறு, அவளே அதைக் குழந்தையிடம் சொன்னாள். நான் எழுத விரும்புவது அதற்குப் பின்னால் நடந்ததை. பகல் முழுக்க இந்த வீட்டில் பிணக்கும் இணக்கும் மாறி மாறி நடக்கின்றன. இட்லியில் பிணங்கி, தண்ணீர் விளையாட்டில் கூடி, சட்டை போடுவதில் பிணங்கி, காக்கையைப் பார்த்ததும் கூடி. இரண்டு வயதில் குழந்தையின் மூளை வளர்ந்தவர் மூளையின் அளவில் முக்கால் பங்கைத் தாண்டிவிடுகிறது. வேண்டும் என்ற ஆசை முழுதாக வந்துவிட்டது, அதைச் சொல்ல மொழியும், பொறுக்க வலுவும் இன்னும் வரவில்லை. அந்த இடைவெளியில்தான் குழந்தை மண்ணில் விழுந்து புரள்கிறது. கோபம் வந்தாலும் உறவு அறுந்துபோகாது, அழுதாலும் அள்ளிக்கொள்ள ஆள் வரும் என்பதைப் பாப்பா கற்றுக்கொள்வது ஒவ்வொரு பிணக்கும் முடிகிற இடத்தில்தான். கற்றுக்கொடுப்பவளும் களைத்தவள், கணக்கில் பின்தங்கியவள், கொஞ்சம் முன்பு அழுதவள்.

கொட்டிய தூளை வாரிக் குப்பையில் போட்டாள். அளந்து கொடுத்த தூள் அது. குறைந்தால் அவள் கைக்காசு.

பீடித் தொழிலாளருக்காக 1966-இல் வந்த சட்டம், பெண்கள் பலர் கூடி வேலைசெய்யும் பீடிக் கூடங்களில் குழந்தைகளுக்குக் காப்பறை இருக்கவேண்டும் என்று சொன்னது. பிறகு வேலை கூடத்தைவிட்டு வீட்டுத் திண்ணைகளுக்கு வந்தது. காப்பறை அதோடு வரவில்லை. தெருமுனையில் அங்கன்வாடி இருக்கிறது. பாப்பாவுக்கான சத்துமாவு அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அங்கே பிள்ளையை விட்டுவிட்டு வர இரண்டு வயது முடிந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கிற, ஆபத்து எது என்று அறியாத இந்த வயதில், தாயின் இரண்டு கண்ணைத் தவிர வேறு காவல் இல்லை.

மதியம். உத்தரத்தில் பழைய சேலைத் தொட்டில். பாப்பா கண்ணைத் தேய்க்கிறாள், தூக்கம் வரவில்லை என்று தலையை ஆட்டுகிறாள். தொட்டிலில் போட்டதும் எழுந்து உட்காருகிறாள். தாய் தாழ்ந்த குரலில் எதையோ பாடி, தொட்டிலில் கட்டிய கயிற்றைத் தன் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு, எட்டத்தில் போய்த் தட்டோடு உட்காருகிறாள். கால் ஆட்டுகிறது, கை சுற்றுகிறது, வாய் பாடுகிறது. பாட்டு தேய்ந்து ‘ம்’ மட்டும் மிஞ்சி, அதுவும் நின்றபிறகு கால் மட்டும் நெடுநேரம் அசைகிறது. ஒன்றிலிருந்து இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து நாளுக்குப் பதினொன்று முதல் பதினான்கு மணி நேர உறக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவளுக்கு எத்தனை மணி நேரம் வேண்டும் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. குழந்தை தூங்கும் நேரத்தில்தான் அவள் விரல்கள் மிக வேகமாக ஓடுகின்றன. உலையில் போட்ட சோற்றை அவள் சாப்பிட்டபோது மணி மூன்று. நின்றுகொண்டே, சட்டியிலிருந்தே.

மீன்காரர் ஹாரன் சத்தத்தில் தொட்டில் அசைந்தது. நான்கு விரலால் சேலையை விலக்கி ஒரு முகம் எட்டிப் பார்த்தது. தூக்கம் கலையாத முகத்தில் அம்மாவைக் கண்டதும் ஒரு முழுச் சிரிப்பு. அவள் கையிலிருந்த பீடியைக் கட்டி முடிக்காமலே வைத்துவிட்டுக் குழாயடிக்கு ஓடினாள்.

சாயங்காலம் இடுப்பில் பிள்ளையும் கூடையில் பீடியுமாகக் கடைக்குப் போய் வந்தாள். கடையில் ஒரு பிடியைக் கழித்துப் போட்டுவிட்டார்களாம், கட்டு தளர்வு என்று. துவைகல்லில் உட்கார்ந்து அதைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். காலையில் நாலு இட்லிக் கதை சொன்ன அதே பெண் இப்போது வேறொன்றும் சொல்லவில்லை. “பிள்ளையக் கொண்டா இங்க, போய்த் தலைக்குக் குளிச்சுட்டு வா” என்று பாப்பாவை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தெருப்பக்கம் நடந்தாள். அன்று காலையிலிருந்து அந்தத் தாய்க்குக் கிடைத்த பெரிய உதவி அதுதான். குளித்து, தலையில் துண்டு சுற்றி வெளியே வந்தவளின் முகமே வேறாக இருந்தது.

இருட்டும் நேரத்தில் தகப்பன் வந்தான். கொத்து வேலை, காலெல்லாம் சிமெண்டு. பாப்பா ‘ப்பா’ என்று கத்திக்கொண்டு தடுமாறி ஓடினாள். அவன் கைகால் கழுவி, அம்பாசமுத்திரத்திலிருந்து வாங்கி வந்திருந்த மர நடைவண்டியை வெளியே எடுத்தான். நடை வந்துவிட்ட குழந்தைக்கு நடைவண்டி எதற்கு என்று மாமியார் கேட்டாள். பாப்பா அதற்கு வேறு வேலை கண்டுபிடித்தாள். சம்பட மூடியையும் வேப்பிலையையும் அதில் ஏற்றி, அப்பாவைத் தள்ளச் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். அவனும் முற்றத்தைச் சுற்றிச் சுற்றித் தள்ளினான்.

இரவு இலையை நனைக்கிற நேரம். பாப்பாவுக்குத் தூக்கம் வரவில்லை, இறங்கவும் மறுக்கிறாள். தாய் கைபேசியில் ஒரு பாட்டுப் படத்தைப் போட்டுக் கையில் கொடுத்தாள். இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் திரை வேண்டாம் என்பதை நானே ஊர் ஊராகச் சொல்லியிருப்பேன். இலை நனைந்து முடிந்ததும் அவள் கைபேசியை வாங்கி அணைத்துவிட்டு, அழுத குழந்தையைத் தோளில் போட்டு முற்றத்தில் நடந்தாள். திரை வேண்டாம் என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்ததைச் செய்யத் துணைக்கு ஓர் ஆள் வேண்டும்.

பிள்ளை வளர்ப்பைப் பற்றி இந்தத் தாய்க்கு அறிவுரை குறைவில்லை. குறைவது ஆளும் நேரமும். ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகம் நடத்துவதற்குப் பால்னா என்ற திட்டத்தை மத்திய அரசு வைத்திருக்கிறது. பீடி சுற்றும் ஊர்களுக்கு அது முதலில் வரவேண்டும். தட்டு ஒரு கூரைக்குக் கீழும் தொட்டில் வேறொரு கூரைக்குக் கீழும் இருக்கவேண்டும், நடந்துபோய்ப் பாலூட்டி வரும் தூரத்தில். அது வரும் வரைக்கும் வளவில் இருக்கும் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிள்ளை மெலிந்துவிட்டதா என்று அவளிடம் கேட்பதற்கு முன், கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டு, அவள் சாப்பிட்டாளா என்று கேட்கவேண்டும்.