பெரியப்பாவின் பெட்டியும் என் அரமும்

மலர்க் குழுவினர் என்னிடம் வந்து, "நீதான் பாட்டு கீட்டுன்னு அலையிறியே, இசையைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடு" என்று கேட்டபோது கொஞ்சம் பயந்துதான் போனேன். ஏனென்றால் நான் இசைக் கலைஞன் அல்ல. ஆண்டு விழாவில் கீபோர்டு வாசிப்பேன், அவ்வளவுதான். பாதிப் பாட்டில் கரண்ட் போனால் எனக்கு முன்னால் சபையே சந்தோஷப்படும்.

ஆனால் நம் ஊர்க்காரனுக்குக் காது சும்மா இருக்காது. பௌர்ணமி ராத்திரியில் கிரிவலம் போய்ப் பாருங்கள். 14 கிலோமீட்டருக்குள் சங்கு, சேகண்டி, தேவாரம், சினிமா மெட்டில் பக்திப் பாட்டு, செங்கம் ரோட்டில் ஏதோ ஒரு நாட்டுக்காரர் மடியில் வைத்துத் தட்டும் ஏதோ ஒரு வாத்தியம், எல்லாம் வந்து விழும். பதினைந்தாம் நூற்றாண்டில் இதே கோபுரத்தடியில் பாடிய அருணகிரிநாதரின் சந்தங்களை மேஜையில் தட்டிப் பார்ப்பது எனக்கு ஒரு பைத்தியம். 1986-இல் இளையராஜா தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் செய்து வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்தை ஹாஸ்டலில் எத்தனை தடவை கேட்டேன் என்பதை என் ரூம்மேட்டிடம்தான் கேட்க வேண்டும். (அவன் அழுவான்.) எல்லாவற்றிலும் கொஞ்சம், எதிலும் முழுசு கிடையாது. என் ஜாதகம் அப்படி!

அந்த 'கொஞ்சம் தெரியும்' போன சித்திரையில் என்ன வேலை செய்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் பெரியப்பா தெருக்கூத்து ஜமாவில் ஆர்மோனியம் வாசிப்பவர். எங்கள் ஊர் செய்யாறு பக்கம். பகலில் பாரதக் கதை, ராத்திரியில் கூத்து, கடைசியில் படுகளம், தீமிதி என்று திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழா நடக்கும் காலத்தில் அவர் வீட்டில் படுத்து நாங்கள் பார்த்ததில்லை. கூத்து என்றதும் நம் நண்பர்களில் சிலர் சிரிப்பார்கள் என்று தெரியும். நம் மாவட்டத்துப் புரிசைக் கிராமத்துத் தம்பிரான்மார் ப்ரெக்ட் நாடகத்தையும் மார்க்வெஸ் கதையையும் கூத்தாக ஆடியவர்கள். நாம் ஆண்டு விழாவில் இன்னும் அதே பாட்டுக்கு அதே டான்ஸ்.

பெட்டிக்கு வருவோம். துருத்தியில் காற்று ஒழுகுகிறது, ஒரு கட்டை அமுக்கினால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது என்று பெரியப்பா என்னிடம் கொடுத்தார். "நீ மெஷின் படிக்கிறவன்தானே, பாரு. திருவிழாவுக்கு இன்னும் பத்து நாள் இருக்குது" என்றார். துருத்திக்குத் தோல் ஒட்டினேன். ஸ்பிரிங்கை மாற்றினேன். இரண்டு நாளில் வேலை முடிந்தது. அத்தோடு நான் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்.

சும்மா இருக்காமல் செல்போனில் ட்யூனரைத் திறந்து ஒவ்வொரு கட்டையாக அமுக்கிப் பார்த்தேன். எல்லாம் சிவப்பு! ஒரு அரைச்சுரத்தை நூறு பங்காக்கினால் ஒரு பங்குக்கு சென்ட் என்று பேர். பெட்டி முழுக்க ஏறத்தாழ முப்பது சென்ட் மேலே நின்றது. அது மட்டுமா? பெட்டிக்குள் ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டு ரீடு. இரண்டும் ஒரே ஸ்தாயி, ஒரே சுரம். ஆனால் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகவில்லை. ஒன்று கொஞ்சம் தூக்கி நின்றது. அட, பெரியப்பா இத்தனை வருஷமாகச் சுருதி சேராத பெட்டியிலா வாசித்தார் என்று பரிதாபப்பட்டேன். பரிதாபம் பொல்லாதது.

ரீடு என்பது என்ன? பித்தளைத் தகட்டில் ஒரு முனையை ரிவெட் அடித்து, மறுமுனையைச் சும்மா விட்ட நாக்கு. நம் ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தில் வரும் கேண்டிலீவர் பீம்தான், சின்னதாக. நுனியில் சுரண்டினால் எடை குறையும், சுரம் ஏறும். அடியில் சுரண்டினால் விறைப்பு குறையும், சுரம் இறங்கும். எனக்கு இறக்க வேண்டும். எங்கே சுரண்டியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். ஊசி அரம் ஒன்றை வைத்துக்கொண்டு மூன்று சாயங்காலம் உட்கார்ந்தேன். இரண்டு வரிசையும் மயிரிழை பிசகாமல் பச்சையில் வந்து நின்றன. சத்தியமாகச் சொல்கிறேன், பிராக்டிகலில் எல்லா ரீடிங்கும் ஒரே தடவையில் கிடைத்த மாதிரி ஒரு சந்தோஷம்!

பெரியப்பா வந்தார். பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டார். துருத்தியை இழுத்து ஒரு கட்டையை அமுக்கினார். விட்டார். மறுபடியும் அமுக்கினார்.

"இன்னாடா பண்ண?"

"சுருதி சேத்தேன் பெரியப்பா. ரெண்டும் ஒண்ணா நிக்கலை. இப்ப கரெக்டா இருக்குது."

"இருக்குது... குளிப்பாட்டிப் படுக்க வச்ச மாதிரி இருக்குது."

கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அப்புறம் விளக்கினார். இரண்டு ரீடையும் வேண்டுமென்றேதான் அவர் கொஞ்சம் தள்ளி வைத்திருந்தாராம். அப்போதுதான் சத்தம் 'அலை அடிக்கும்', மைக் இல்லாத களத்தில் கடைசி ஆள் வரைக்கும் போய்ச் சேருமாம். முப்பது சென்ட் மேலே நின்றதற்கும் காரணம் இருந்தது. அந்த ஜமாவின் முகவீணை அந்த உயரத்தில் நிற்கிறது. முகவீணை தெரியுமல்லவா? நாகஸ்வரத்தின் குட்டித் தம்பி, சத்தத்தில் அண்ணன். "அவரு மரத்துல தொளை போட்டது போட்டதுதான்டா. அவரு எனக்கு எறங்கி வர முடியாது. நான்தான் அவருகிட்ட போகணும்" என்றார்.

என் போன் 440-ஐக் கேட்டது. முகவீணையைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் தேடிப் படித்தேன். இரண்டு சுரம் அருகருகே ஒலித்தால், உதாரணமாக ஒன்று விநாடிக்கு 480 அதிர்வு, இன்னொன்று 484 என்றால், சத்தம் விநாடிக்கு நான்கு தடவை ஏறி இறங்கும். பிளஸ் டூ புத்தகத்தில் இதற்கு 'விம்மல்' என்று பேர். கணக்குப் போட்டு மார்க்கும் வாங்கியிருக்கிறேன்! பிரான்ஸ் தேசத்து அக்கார்டியனில் இதே மாதிரி ரீடுகளை வேண்டுமென்றே பிசகி வைக்கிறார்கள்; மூசெட் என்கிறார்கள். பாலித் தீவின் கமெலான் இசையில் உலோகத் தட்டு வாத்தியங்களை ஜோடி ஜோடியாகச் செய்து, ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்திச் சுருதி சேர்க்கிறார்கள். அவர்கள் அதற்கு வைத்த பெயர் 'ஓம்பாக்'. அலை என்று அர்த்தம்! செய்யாறு பக்கத்துப் பெரியப்பா பாலித் தீவைப் பார்த்ததே இல்லை.

ஆர்மோனியத்துக்கு ஏச்சு வாங்குவது புதிதல்ல. 1840-களில் பாரிஸில் அலெக்சாந்தர் தெபேன் உரிமம் வாங்கிய வாத்தியம்; கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் 1875 வாக்கில் அதைத் தரையில் உட்கார்ந்து கையால் துருத்தி அடிக்கிற பெட்டியாக்கினார். பிறகு 1940-இல் அகில இந்திய வானொலி அதற்குத் தடை போட்டது. 1971 வரைக்கும் தளரவில்லை. கமகம் வராது, சுரங்கள் நம் சுருதிக்குச் சரியில்லை என்பது குற்றச்சாட்டு. பொய்யும் இல்லை. ஸ 240 என்றால் நம் காது கேட்கிற அந்தர காந்தாரம் 300. கீபோர்டுக் கணக்கில் அது 302-ஐத் தாண்டி நிற்கும். பஞ்சமம் மட்டும் 360-க்கு ஒட்டினாற்போல் வந்துவிடும். ஆனால் தடை போட்ட பெரியவர்கள் கூத்துக் களத்தில் விடிய விடிய உட்கார்ந்திருக்க மாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். கம்பெனி நாடகமும் கூத்தும் அந்தத் தடையைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

திருவிழாவுக்கு நான்கு நாள். பெரியப்பாவும் முகவீணைக்காரரும் திண்ணையில் உட்கார்ந்தார்கள். அவர் ஊத, இவர் பழைய பிளேடால் ரீடு நுனியைச் சுரண்டிச் சுரண்டி ஏற்றினார். நான் டார்ச் அடித்தேன். போனைத் தொடவில்லை. இரண்டாவது வரிசைக்கு வந்தபோது எனக்கும் கொஞ்சம் கேட்க ஆரம்பித்தது: வேகமாக நடுங்கினால் அவர் முகம் சுளிப்பார்; மூச்சு விடுகிற வேகத்துக்கு வந்ததும் "விடு, போதும்" என்பார். எல்லா உயரத்திலும் ஒரே அலை வேண்டும் என்பதில்லை. கீழ்க் கட்டைகளில் மெதுவாக, மேலே போகப் போகக் கொஞ்சம் அவசரமாக. எதை வைத்து முடிவு பண்றீங்க என்று கேட்டேன். "பாடறவன் தொண்டையைப் பார்த்துதான்" என்றார். எனக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை.

பெட்டி உயிரோடு எழுந்தது. ஆனால் நான் அடியில் சுரண்டியதை யாரும் ஒட்டித் தர முடியாது. அடியிலும் சுரண்டி, நுனியிலும் சுரண்டி, ரீடு எல்லாம் இளைத்துப் போயின. கேண்டிலீவரில் வளைவுத் திருப்புத்திறன் எங்கே அதிகம்? கட்டிய முனையில். ஃபேட்டிக் எங்கே வரும்? அங்கேயேதான். இந்தக் கேள்விக்கு நான் பரீட்சையில் படத்தோடு பதில் எழுதியவன்.

துகிலுரிதல் ராத்திரி. பெண்கள் கூட்டத்தில் கற்பூரம் கொளுத்தியாகிவிட்டது. பாஞ்சாலி வேஷக்காரர் இரண்டு கையையும் தூக்கிக் கண்ணனைக் கூப்பிடுகிறார். பெட்டி அவர் குரலுக்கு அடியில் அலை அடித்துக்கொண்டு போகிறது. மேல் பஞ்சமத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். அலை நின்று, ஒற்றை ரீடு மட்டும் தட்டையாக இழுத்தது. பெரியப்பா விரலை எடுத்துவிட்டார். அந்த இடத்தை முகவீணை தூக்கிக்கொண்டது. ஒருவரும் ஒருவரையும் பார்த்துக்கொண்டதாகத் தெரியவில்லை. விடியும் வரைக்கும் அந்த ஒரு சுரம் வரும்போதெல்லாம் பெட்டி ஒதுங்கிக்கொள்ள, முகவீணை வந்து நின்றது. ஊர் ஜனம் அழுதது கதைக்காக. பாய் ஓரத்தில் நான் உட்கார்ந்திருந்தது வேறு கதை.

விடிந்ததும் பெட்டியைத் துணியில் கட்டிக்கொண்டே பெரியப்பா கேட்டார்:

"பரீச்சை எப்போ?"

"அடுத்த மாசம்."

"நல்லா எழுது."

உடைந்த ரீடை என்னிடம் கொடுத்தார். பர்சில் வைத்திருக்கிறேன். இந்த செமஸ்டர் ஒர்க்‌ஷாப்பில் பித்தளைத் தகடு வாங்கி அதே அளவில் வெட்டிப் பார்த்தேன். முதல் மூன்றும் வாய் திறக்கவில்லை. நாலாவது ஒலித்தது, ஆனால் எருமை கத்துகிற மாதிரி. நாக்குக்கும் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி அதிகம் என்று நினைக்கிறேன். ஐந்தாவது வைஸில் இருக்கிறது. சித்திரைக்கு இன்னும் நாள் இருக்கிறது. கூத்துப் பார்க்க வருகிறவர்கள் என்னிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். போர்வை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், விடிகாலையில் பனி இறங்கும்.