விடியலிலிருந்து பின்னோக்கி

சிவனொளிபாத மலைக்கு ஆட்களைக் கூட்டிப்போகிற தலைவரைச் சிங்கள யாத்திரிகர்கள் 'நடே குரா' என்பார்கள். எங்கள் தோட்டத்தில் அப்படியொரு பட்டம் கிடையாது. "மாமா, இந்த வருசமும் நீங்கதானே கூட்டிட்டுப் போறீங்க?" என்று லயத்து வாசலில் யாராவது கேட்டால், அதுதான் நியமனக் கடிதம்.

அட்டன், நோர்வுட், மஸ்கெலியா, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கக் கரை, நல்லதண்ணி. இதுதான் எங்கள் வழி. இரத்தினபுரிப் பாதை இதைவிட நீளம். வயதானவர்கள் உள்ள குழுவோடு அந்தப் பக்கம் நான் போவதில்லை. டிசம்பரில் உந்துவப் போயா என்கிற முழுநிலா நாளோடு தொடங்கும் பருவம் மே மாத வெசாக் போயாவோடு முடிகிறது. அதற்குள் எந்த இரவு என்பதில்தான் பாதி வேலை. ஜனவரி பிற்பாதியிலிருந்து மார்ச் வரை, போயாவோ நீண்ட விடுமுறையோ ஒட்டாத ஒரு வாரநாளைத்தான் எடுப்பேன். போயா இரவுகளில் உச்சிக்குக் கீழே கடைசிப் படிகளில் வரிசை உறைந்து நின்றுவிடும். அங்கே யாருடைய கணக்கும் செல்லாது.

கணக்கு என்றதும் ஒரு சுவிஸ்காரர் நினைவுக்கு வருகிறார். வெர்னர் முண்டர், பனிச்சரிவு ஆபத்தை அளக்க வழி சொன்ன மலை வழிகாட்டி. ஆல்ப்ஸில், பலகையை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்துக் காலில் மாட்டி ஏறி, உச்சியில் ஒன்றாகப் பூட்டிச் சறுக்கி இறங்குகிறவர்கள் அவர் கணக்கைத்தான் போடுகிறார்கள். ஒரு கிலோமீட்டர் தூரம் ஓர் அலகு. 100 மீட்டர் ஏற்றமும் ஓர் அலகு. இரண்டையும் கூட்டி நாலால் வகுத்தால் ஏறும் நேரம் மணியில் வரும். பனியாறு இல்லாத நம்ம மலைக்கும் இது பொருந்துகிறது. நல்லதண்ணியிலிருந்து ஏறக்குறைய 7 கிலோமீட்டர். 2,243 மீட்டர் உயரத்து உச்சிக்குச் சுமார் 1,000 மீட்டர் ஏற்றம். பதினேழு அலகு, நாலேகால் மணி நேரம்.

இதை நான் பின்னாலிருந்து போடுகிறேன். ஜனவரியில் சூரியன் எழுவது ஆறரைக்குச் சற்று முன்னே. ஐந்தே முக்காலுக்கு உச்சியில் நின்றால் போதும். நாலேகால் மணியைக் கழித்தால் ஒன்றரை. தேத்தண்ணிக் கடைகளில் உட்காரும் முக்கால் மணியையும் கழித்தால் பன்னிரண்டே முக்கால். இளந்தாரிகளுக்கு இது பிடிக்காது. பத்து மணிக்கே ஏறிவிடலாம் என்று துடிப்பார்கள். சீக்கிரம் போவதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். வியர்வையில் நனைந்த சட்டையோடு உச்சிக் காற்றில் இரண்டு மணி நேரம் நின்றால், ஏறும்போது பாட்டுப் பாடியவனே பல் கிட்டி நடுங்குவான். நேரம் மிஞ்சினால் கீழே, வழியிலுள்ள இந்திகட்டுபானை என்ற இடத்துக் கடையிலேயே மிஞ்சட்டும். அங்கே நெருப்பு இருக்கிறது, பிளேன்டீ இருக்கிறது. மாற்றுச் சட்டையும் கம்பளித் தொப்பியும் பொலித்தீன் பையில் கட்டி வரவேண்டும் என்பது என் கட்டளை. அதைக் கடைசிப் படிக்கட்டுக்கு முன்னால் மாற்றிக்கொள்ள வேண்டும், உச்சியில் அல்ல.

முண்டருடைய இன்னொரு யோசனை மூன்று கேள்விகள்: நிலைமை எப்படி, நிலம் எப்படி, ஆட்கள் எப்படி. வீட்டில் ஒருமுறை, இடத்துக்குப் போனதும் ஒருமுறை, ஒவ்வொரு சரிவிலும் ஒருமுறை கேட்கச் சொன்னார். எங்களுக்கு நிலம் மாறுவதில்லை. படி கட்டியிருக்கிறது, பருவத்தில் விளக்கும் எரிகிறது. ஆகவே என் கவனம் முழுதும் மூன்றாவது கேள்வியில். மெதுவாக நடப்பவர் யாரோ அவரை முன்னால் விடுவேன். பின்னால் விட்டால், மற்றவர்கள் இளைப்பாறி முடிக்கும்போது அவர் வந்து சேருவார். அவருக்கு இளைப்பாறலே கிடைக்காது. "இன்னும் எவ்வளவு தூரம்?" என்ற கேள்விக்கு நான் தூரம் சொல்வதில்லை, அடுத்த கடையைச் சொல்வேன். ஒருவர் பேச்சை நிறுத்திவிட்டாலோ, குளிரில் வியர்க்காமல் நடுங்கினாலோ, அவரோடு ஒருத்தரை அங்கேயே உட்கார வைப்பேன். யார் உட்காருவது என்பதை லயத்திலேயே பேசி வைத்துவிடுவது நல்லது. நள்ளிரவில் கேட்டால் யாரும் முன்வர மாட்டார்கள்.

சூரியன் எழுந்ததும் எல்லாரும் கிழக்கையே பார்த்து நிற்பார்கள். நான் பிள்ளைகளை மேற்குப் பக்கம் இழுத்துப்போவேன். மலையின் நிழல் முக்கோணமாக மூட்டத்தின் மேல் விழுந்து, வெயில் ஏற ஏறச் சுருங்கும்.

பிறகு இறக்கம். சறுக்குகிறவர்களுக்கு அதுதான் பரிசு. எங்களிடம் இரண்டாகப் பிரியக்கூடியது முழங்கால் ஒன்றுதான். நடந்து இறங்குவதற்கு முண்டர் ஆறால் வகுக்கச் சொல்வார், மூன்று மணிக்கும் குறைவு. எங்கள் ஆச்சிமாருக்கு நான் நாலு மணி வைக்கிறேன். ஆனால் நேராகக் குதித்து இறங்கி வழியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவது இளந்தாரிகள்தான். கூடையோடு தேயிலைச் சரிவில் இறங்கிப் பழகிய கொழுந்துக்காரி பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து, கைப்பிடிக் கம்பியைத் தொடாமலே வந்துவிடுவாள். முதல்தடவை வருகிறவர்களை அவள் பின்னால்தான் நடக்க விடுகிறேன். ஏழரைக்குப் புறப்பட்டால் பதினொன்றரைக்கு நல்லதண்ணி. மஸ்கெலியா பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கிற நேரம்.