கிண்டியில் எதைப் பறிப்பீங்க?

மூட்டுவலிக்காகக் கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 2023-ல் திறந்தார்களே, அதுதான். வெளியே வரும்போது வாசலில் ஒரு குடும்பம் காவலாளியிடம் வழி கேட்டுக்கொண்டிருந்தது. மஞ்சள் காய்ச்சல் ஊசி எங்கே போடுகிறார்கள்?

"எந்த நாட்டுக்கு?"

"கென்யாண்ணே. சர்ச்சுலேருந்து ஊழியத்துக்குப் போறோம். பிள்ளைங்களும் வர்றாங்க."

பிள்ளைகள் இரண்டும் அப்போதே சட்டைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றன. என் விரல் தானாக இடது தோளுக்குப் போனது. அங்கே இரண்டு அம்மைத் தழும்புகள் இருக்கின்றன. ஒன்று பிறந்த வருஷம் குத்தியது. மற்றது 1974-ல், சிலோனுக்குப் போவதற்காகக் குத்தியது.

அந்த ஆண்டு பீகாரில் பெரியம்மை வாரிக்கொண்டு போனது. குத்திய சான்று இல்லாமல் கப்பல் ஏற முடியாது. நாட்டில் அம்மைத் தடுப்பு மருந்து தயாரித்த சில இடங்களில் கிங் இன்ஸ்டிடியூட்டும் ஒன்று. 1899-லிருந்து அங்கே அதுதான் வேலை. கன்றுக்குட்டியின் தோலைக் கீறி மருந்தை வளர்ப்பார்கள் என்று அப்பா சொல்லியிருந்தார். அதனால் என் கையில் கொஞ்சம் கன்றுக்குட்டி இருக்கிறது என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் லேத் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கம். எங்கள் பூட்டன் திருநெல்வேலியிலிருந்து கண்டிக்கு உபதேசியாராகப் போனவர். 1854-ல் தொடங்கிய 'தமிழ்க் கூலி மிஷன்' தோட்டத் தொழிலாளிகளுக்காக அப்படித்தான் திருநெல்வேலியிலிருந்து ஆள் எடுத்தது. மிஷனின் பெயரிலேயே 'கூலி' இருந்தது அப்பாவுக்கு உறுத்தவில்லை. பூட்டன் போன பாதையில் பிள்ளைகளோடு ஒருமுறை போய்வர வேண்டும் என்பது அவர் பொருத்தனை.

மே மாதம், எழும்பூரில் போட் மெயில். மறுநாள் இராமேஸ்வரத்தில் 'இராமானுஜம்' கப்பல். 1964 புயலில் தனுஷ்கோடி போன பிறகு இராமேஸ்வரத்திலிருந்துதான் கப்பல். மூன்று மணி நேரம் போல ஆடி ஆடித் தலைமன்னார் சேர்ந்தோம். அம்மா வாந்தி எடுத்தே ஓய்ந்து போனாள். அங்கிருந்து ரயில், பொல்காவலையில் இறங்கி மலை ரயில், கடைசியில் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டம்.

கிளம்புமுன் அப்பா எங்கள் மூவருக்கும் ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு கொடுத்திருந்தார். அக்காவுக்குப் பதினாலு வயது, எனக்குப் பதினொன்று, தம்பிக்கு ஏழு. பார்த்ததை அன்றன்றைக்கு எழுத வேண்டும், திரும்பியதும் ஞாயிறு பள்ளியில் சாட்சியாக வாசிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ராத்திரி சிகப்பு மையில் திருத்துவார். 'மழை பெய்தது' என்று எழுதினால் முன்னால் 'கர்த்தருடைய கிருபையால்' என்று சேர்ப்பார். 'அட்டை கடித்தது' என்பதற்கு முன்னால் மட்டும் எதையும் சேர்க்கவில்லை.

தோட்டத்தில் காலையில் பிள்ளைகளைக் கூட்டி வசனமும் பாட்டும் சொல்லிக்கொடுத்தோம். அதைப் பற்றி எனக்கு ஒன்றும் நினைவில்லை. நினைவில் நிற்பது தொழிலாளிகள் குடியிருந்த லயம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, அடுத்த அறை, அதற்கடுத்த அறை. இந்த வீட்டில் இருமினால் அந்த வீட்டில் தண்ணீர் கொண்டுவருவார்கள். விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும் சத்தம் கேட்கும். கைக்குழந்தைகளைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டுத் தாய்மார் கொழுந்துக் கூடையோடு மலையேறுவார்கள்.

இலங்கை முழுக்கப் பஞ்சம் பிடித்திருந்த வருஷம் அது. அரிசி கூப்பனுக்குத்தான், பாணுக்கு விடியற்காலையிலேயே வரிசை. தோட்டங்களில் பட்டினிச் சாவு நடந்துகொண்டிருந்தது என்பது பின்னாளில் படித்துத்தான் எனக்குத் தெரியும். அப்போது தெரிந்ததெல்லாம், எங்களுக்கு மட்டும் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் தவறாமல் வந்தன என்பதுதான். சாயத் தண்ணியைக் குடித்துக்கொண்டே உள்ளங்கைச் சீனியை லயத்து ஆட்கள் நக்கினார்கள். எங்கள் தம்ளரில் சீனி கலந்திருந்தது. அக்கா அதைத் தன் நோட்டில் எழுதினாள். அப்பா திருத்தவும் இல்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை. மறுநாளிலிருந்து நாங்கள் சாப்பிட்டது கூடையில் கொண்டுபோன அவலையும் பொரிகடலையையும்.

கிழவிகள் எங்களிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "ஊரு எப்படி இருக்கு சாமி?" ஊர் என்றால் இந்தியா. அவர்களில் பலர் பார்த்தே இராத ஊர்.

திரும்பும்போது மலையிலிருந்து இறங்கிய ரயிலுக்கு 'அழுகைக் கோச்சி' என்று பெயர் என்றார்கள். ஏன் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். மலையகத் தமிழர் ஒன்பதே முக்கால் லட்சம் பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. பாக்கி 1,50,000 பேரை 1974 ஜனவரியில் சிறிமாவும் இந்திராவும் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டவர்கள் அந்த ரயிலில்தான் இறங்கினார்கள். ஒவ்வொரு நிலையத்திலும் வழியனுப்ப வந்த உறவுக்காரர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவார்கள். ரயில் வேகம் எடுத்ததும் கை விட்டுப்போகும்.

கப்பலில் எங்களுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு குடும்பம். பச்சைத் தகரப் பெட்டிகள், கழுத்தில் கயிறு கட்டிய மண்ணெண்ணெய் விளக்கு. என் வயசுப் பெண் ஒருத்தி.

"நீங்க எந்த ஊருக்குப் போறீங்க?" என்றாள்.

"கிண்டி."

"அங்க தேயிலை இருக்கா?"

"இல்ல."

"அப்ப அங்க எதைப் பறிப்பீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. குதிரைப் பந்தயம் இருக்கிறது, பாம்புப் பண்ணை இருக்கிறது என்றேன். அவள் தன் அப்பாவிடம் திரும்பி, "நாம போற எடத்துல?" என்றாள். அவர் குடும்ப அட்டையை எடுத்துப் பார்த்தார். அதில் கூடலூர் என்று இருந்தது. வனத்துறை அங்கே தேயிலை நட்டு இவர்களுக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்தது பின்னால் தெரிந்த கதை. மண்டபம் முகாமில் அவர்களை இறக்கினார்கள். எங்கள் ரயில் சென்னைக்கு வந்தது.

நான் அந்தப் பேச்சை அப்படியே எழுதினேன். ஞாயிறு பள்ளியில் வாசிக்குமுன் அப்பா அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துவிட்டார். "இது ஊழியத்தச் சேந்தது இல்லடே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இன்றுவரை அவர் சொன்னதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சர்ச் ஐயர் எங்களுக்கு ஆளுக்கொரு பேனா பரிசு கொடுத்தார்.

அந்தக் கப்பல் எண்பதுகளின் கலவரத்தோடு நின்றுபோனது. பந்தயத் திடலை 2024-ல் அரசு பூட்டியது. அப்பா இல்லை. என் நோட்டும் அக்கா நோட்டும் வீடு மாறியபோது எங்கேயோ போய்விட்டன. தம்பியுடையது மட்டும் மிஞ்சியிருக்கிறது. கப்பல் நாளுக்கு அதில் ஒரே வரி: 'பெட்டி 4, விளக்கு 1, கோழி இல்லை.' கோழியை ஏற்ற விடவில்லை என்று அந்தக் குடும்பத்துப் பாட்டி வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாள்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது அறுபது தாண்டியிருக்கும். கூடலூர்ப் பக்கம் இதைப் படிக்கிறவர்கள், 1974 மே மாதக் கடைசியில் இராமானுஜத்தில் வந்து இறங்கியவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் விசாரித்துச் சொல்லுங்கள்.