கோயமுத்தூர் யாரோட கோட்டை? ஒரு ஓபி டாக்டரின் கணக்கு

1/ தேர்தல் வந்தா டிவியில இந்த வரி கட்டாயம் வரும்: "கோவை ஒரு காலத்துல கம்யூனிஸ்ட் கோட்டை, இப்போ பாஜக கோட்டை." நீங்களும் கேட்டிருப்பீங்க. ரெண்டுமே பாதி உண்மைதான். நான் அரசு மருத்துவமனை டாக்டர். யாருக்கு ஓட்டுன்னு சொல்ற வேலை எனக்கில்லை, சொல்லவும் கூடாது. ஆனா இந்த ஊர் நெஞ்சு மேல தினமும் ஸ்டெத் வைக்கிறவனா ஒரு விஷயம் சொல்லணும். கொஞ்சம் நீளமான திரெட், பொறுத்துக்கங்க.

2/ முதல்ல வரலாறு. 1957ல எம்.பி. ஆனவர் இந்திய கம்யூனிஸ்ட் பார்வதி கிருஷ்ணன். 1967ல மார்க்சிஸ்ட் கே. ரமணி. 1971ல கே. பாலதண்டாயுதம். 1973 மே 31 டெல்லி விமான விபத்துல அவர் இறந்தார். அதே விமானத்துல இறந்த மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலம், பார்வதி கிருஷ்ணனோட அண்ணன். அடுத்து வந்த இடைத்தேர்தல்லயும் 1977லயும் அவங்களே ஜெயிச்சாங்க.

3/ ஏன் சிவப்பு? பஞ்சாலைதான் காரணம். 1888ல ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930கள்ல பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் மளமளன்னு பெருகுச்சு. 1946 ஜனவரி 8ம் தேதி சின்னியம்பாளையம் மில் தொழிலாளர் நாலு பேரைத் தூக்குல போட்டாங்க. இந்தப் பக்கத்துப் பெரியவங்க யாரைக் கேட்டாலும் சொல்வாங்க.
ஒரே கேட், ஒரே சங்கு, ஒரே சங்கம். வீடும் பக்கத்துல, ஓட்டும் அதே ஊர்ல. இந்தக் கடைசி வரியை ஞாபகம் வெச்சுக்கங்க.

4/ இப்போ என் பக்கம் வர்றேன். பஞ்சுத் தூசி வருஷக்கணக்கா உள்ளே போனா வர்ற நோய் பைசினோசிஸ். லீவு முடிஞ்சு திங்கட்கிழமை வேலைக்குப் போனா நெஞ்சு இறுக்கிப் பிடிக்கும், வாரம் போகப் போகக் குறையும். ஆரம்பத்துல தூசியை விட்டு விலகினா சரியாகும். விட்டா நிரந்தர மூச்சுத்திணறல்தான். எக்ஸ்ரேல பெருசா எதுவும் தெரியாமலே போகலாம். "என்ன வேலை? எந்த நாள்ல அதிகம்?"னு கேட்டாத்தான் பிடிபடும்.

5/ 1948 தொழிற்சாலைகள் சட்டத்துலயே இது அரசுக்குத் தெரிவிச்சே ஆக வேண்டிய நோயா இருந்துச்சு. பார்க்கிற டாக்டரும் தெரிவிக்கணும். தமிழ்நாட்டுல இ.எஸ்.ஐ. திட்டம் முதல்ல வந்ததும் கோவையிலதான், 1955ல. ஆனா சட்டம் தானா நடக்காது. பின்னாடி நின்னு கேட்க ஆள் வேணும். அன்னிக்கு சங்கம் கேட்டுச்சு. சங்கத்துக்குப் பின்னாடி ஓட்டு இருந்துச்சு.

6/ அப்புறம் பெரிய மில்கள் ஒண்ணொண்ணா நொடிஞ்சுது. சிலதை 1974 சட்டப்படி அரசு எடுத்து என்.டி.சி. கையில கொடுத்தது. 2020 ஊரடங்குல நின்ன அந்த மில்கள் பழையபடி ஓடவே இல்லை. வேலை சின்ன ஸ்பின்னிங் மில், பவுண்டரி, பம்ப் பட்டறைன்னு சிதறிப் போச்சு.

7/ "சரி, அதனாலதான் ஊர் காவியாச்சா?" அவ்வளவு சுலபம் இல்லைங்க. சிவப்பு நடுவுலயே காங்கிரஸ், திமுக எல்லாம் வந்தாச்சு. சி.கே. குப்புசாமி மட்டும் காங்கிரஸுக்காக 1984, 1989, 1991ன்னு மூணு தடவை.
1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புல 58 பேர் செத்தாங்க. அந்தத் தேர்தல்ல பாஜக சி.பி. ராதாகிருஷ்ணன் சுமார் 1.44 லட்சம் ஓட்டுல ஜெயிச்சார். அப்போ கூட்டணி அதிமுக. 1999ல மறுபடி ஜெயிச்சப்போ கூட்டணி திமுக.
2004ல இ.கம்யூ., 2009லயும் 2019லயும் மார்க்சிஸ்ட், 2014ல அதிமுக. 2021 சட்டமன்றத்துல மாவட்டத்தோட 10 தொகுதியும் அதிமுக அணிக்கு. 2024ல திமுக, அண்ணாமலையை 1.18 லட்சத்துல தோற்கடிச்சது.
இதுல கோட்டை எங்க இருக்கு? கூட்டணியும் அந்த நேரத்து மனநிலையும்தான்.

8/ உண்மையான மாற்றம் வேற இடத்துல நடந்திருக்கு. இன்னிக்கு பஞ்சுலயும் வார்ப்பு மண்ணுலயும் நிக்கிறது யார்? பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பசங்க. மில் ஹாஸ்டல்ல தங்கியிருக்கிற வெளி மாவட்டப் பொண்ணுங்க. தூசி அதேதான், உள்ளே இழுக்கிற நுரையீரல் மாறிடுச்சு. அந்த நுரையீரல்ல பெரும்பாலானதுக்கு இங்க ஓட்டு இல்லை.

9/ வழக்கமா வசிக்கிற இடத்துல பெயர் சேர்க்கச் சட்டம் இடம் கொடுக்குது. ஆனா கான்ட்ராக்டர் மாறினா ரூம் மாறும், ரூம் மாறினா முகவரி மாறும். ஊர்ல இருக்கிற பெயரையும் எடுக்கணும். யார் அலைவாங்க?
நோய்க்கும் அதே கதிதான். "சோம்வார் ஜ்யாதா?"ன்னு எனக்குத் தெரிஞ்ச இந்தியில கேட்டு, ஆமான்னு தலையாட்டின ஆளை அடுத்த ரிவ்யூவுக்கு வரச் சொன்னா, அதுக்குள்ள ஊருக்குப் போயிருப்பார். மூச்சுத்திணறல் இங்க வாங்கினது. இருமல் பீகார்ல. அங்க இருக்கிற டாக்டர் பஞ்சுன்னு யோசிப்பாரா? ரெண்டு ஊர்க் கணக்குலயும் அந்த நோய் வராது.

10/ ஓட்டு இருக்கிறவனுக்கு ரோடு, குடிதண்ணி, ஜி.எஸ்.டி., மேம்பாலம்னு கேட்க நூறு இருக்கு. நியாயம்தான். தூசி அந்த லிஸ்ட்ல இல்லை, ஏன்னா தூசி வேற ஆளுக்கு. எந்தக் கட்சி ஜெயிச்சாலும் இது மாறலை. எனக்கு உறுத்துறது அதுதான்.

11/ அதனால ஓட்டு இருக்கிற உங்ககிட்டதான் கேட்கணும். வேட்பாளர் வந்தா சேர்த்துக் கேளுங்க: மில்லுக்கும் பவுண்டரிக்கும் தூசி பரிசோதனை கடைசியா எப்போ நடந்துச்சு? 10 பேருக்கு மேல இருக்கிற பட்டறையில கான்ட்ராக்ட் ஆளுக்கு இ.எஸ்.ஐ. அட்டை இருக்கா?
டாக்டர் நண்பர்களே, ஓபி சீட்டுல "கூலி"ன்னு எழுதி முடிச்சுடாதீங்க. "ஸ்பின்னிங், 6 வருஷம்"னு எழுதுங்க. நாளைக்கு யாராவது கணக்குக் கேட்டா, அந்த ஒரு வரிதான் அவருக்குச் சாட்சி.